ஆயுத வரிசையில் சித்தி

என்னிடம் இருக்கும் புகைப்படத்தின் வலது மூலையில், ஆரஞ்சு நிற எண்களில், ஜனவரி ஒன்று என்று தேதி விழுந்திருக்கிறது. அது தவறு. படத்தில் தூணோடு வாழைக்கன்று கட்டியிருக்கிறது, தராசின்மேல் சாமந்தி மாலை கிடக்கிறது, பின்னால் பொரி மூட்டை தெரிகிறது. ஜனவரியில் ஆயுத பூஜை வராது. கேமராவுக்கு பாட்டரி மாற்றியவர் தேதியைத் திருத்தாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், காலாண்டுத் தேர்வு விடுமுறையில் எடுத்த படம் இது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. படத்தின் பின்புறம் நீல மையில் ஒரு வரி இருக்கிறது: "எங்கள் கடை ஆயுதங்கள்." கையெழுத்து கடை முதலாளியுடையது.

அந்த ஆயுதங்களை இடமிருந்து வலமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய தராசு, எடைக்கற்கள், கோணி ஊசி, சணல் கண்டு, பாக்கெட் ஒட்டும் இயந்திரம், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் என் சித்தி, மர ஏணி.

சித்தி என் அம்மாவின் தங்கை. சேலத்தில், செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்துத் தெருவொன்றில் இருந்த மளிகைக் கடையில் பேக்கிங் பகுதியில் வேலை பார்த்தாள். ஜவ்வரிசி, ரவை, பருப்பு எல்லாம் மூட்டையாக வரும். அவற்றை எடை போட்டு, பாக்கெட்டில் நிரப்பி, வாயை ஒட்டி அடுக்குவது அவள் வேலை. கூட்டம் வந்தால் முன்பக்கம் வந்து சரக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டும். காலையில் கடை திறந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எல்லாமே நின்றுகொண்டுதான். அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டவில்லை என்றாலும் அதுதான் சட்டம். "ஒடம்பு உக்காந்தா கையும் உக்காந்துக்கும்" என்பார் முதலாளி. இதைச் சொல்லும்போது அவர் மெத்தை தைத்த நாற்காலியில் சாய்ந்திருப்பார்.

கடையில் ஒரே ஒரு ஸ்டூல் இருந்தது. பச்சை வர்ணம் அடித்தது. அது வாடிக்கையாளருக்கு. தம்மம்பட்டியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் மொத்தச் சரக்கு எடுக்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து கலர் சோடா குடிப்பார்கள். யாரும் வராத மதிய நேரத்தில் அது சும்மா கிடக்கும். அப்போதும் சித்தி அதில் உட்கார்ந்ததில்லை. ஒருமுறை அவள் ஜவ்வரிசி மூட்டையில் இடுப்பைச் சாய்த்து நின்றதற்கே முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "ஏம்மா, மூட்டைக்கு முட்டுக் குடுக்கறயா? அது தானா நிக்கும், உடு."

எல்லோரும் சிரித்தார்களாம். சித்தியும் சிரித்தாளாம். வீட்டில் அவள் அதைச் சொல்லிக் காட்டியபோது நாங்களும் சிரித்தோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் தரையில் படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் உயர்த்திச் சாத்தி வைத்துக்கொள்வாள். கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகச் சுருண்டு முடிச்சிட்டிருக்கும். அம்மா தைலம் தேய்ப்பார். நான் அந்த நரம்புகளின்மேல் விரலால் கோடு இழுத்து விளையாடுவேன். வரைபடத்தில் ஆறுகள் அப்படித்தான் ஓடின.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜை முடிந்ததும் முதலாளி ஊழியர்களை வரிசையாகக் கூப்பிட்டு, துணியும் இனிப்பும் கொடுத்து, "வேற என்ன வேணும், கேளு" என்பார். அன்று கேட்டால் மறுக்க மாட்டார். முந்தைய வருடம் மூட்டை தூக்கும் அண்ணன் மழைக்கோட்டு கேட்டு வாங்கியிருந்தார். இந்த வருடம் சித்தி ஒரு ஸ்டூல் கேட்கப்போகிறாள். பேக்கிங் பகுதிக்கு, சுவரோரமாக, ஒரே ஒரு ஸ்டூல்.

அன்று காலை டவுன் பஸ்ஸில் என்னிடம்தான் ஒத்திகை பார்த்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை; விடுமுறை நாளில் என்னைத் தனியாக விட முடியாமல் சித்தியோடு அனுப்பியிருந்தார்.

"மொதலாளி, பேக்கிங் பக்கம் ஒரு ஸ்டூலு போட்டீங்கன்னா வேல இன்னும் வெரசா ஆகுமுங்க. எப்படி சாமி, நல்லாருக்குதா?"

"கால் வலிக்குதுன்னு சொல்லு சித்தி."

"அதச் சொல்லப்படாது. வலின்னு சொன்னா, முடியலீன்னா வேலய உட்டு நின்னுக்கோம்பாரு. வேல வெரசா ஆகும்னுதான் சொல்லோணும்."

வலியைச் சொன்னால் வேலை போகும். வேலைக்கு லாபம் என்றால்தான் வலிக்கு ஸ்டூல் கிடைக்கும். இந்தக் கணக்கை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. அன்று நான் ஜன்னல் வழியே வாழைக்கன்று கட்டிய லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. அதனால் கடையில் கண்டதெல்லாம் எனக்குப் புதிது. எல்லாச் சாமான்களையும் கழுவித் துடைத்து, ஒரு பெஞ்சின்மேலும் அதன் பக்கத்திலும் வரிசையாக வைத்திருந்தார்கள். மூட்டை தூக்கும் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். பாதியில் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, "மிச்சத்துக்கு நீ வையி அம்மிணி" என்றார்.

"எதுக்குங்ணா இதெல்லாம்?"

"வருசம் பூரா ஒழைக்குதல்ல? இன்னைக்கி அதுக்கெல்லாம் லீவு. பொட்டு வச்சுட்டா நாளைக்கு வரைக்கும் தொடப்படாது."

"தொட்டா?"

"மொதலாளி தோல உரிச்சுப்போடுவாரு."

எனக்கு விளங்கிவிட்டது. சாம்பல் புதனன்று பங்குச் சாமியார் எங்கள் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார். அன்று நாங்கள் கறி தொட மாட்டோம். குறி வைத்தால் அந்த நாளுக்கு ஒரு விதி வந்துவிடும். இதுவும் அப்படித்தான். நான் கோணி ஊசிக்குப் பொட்டு வைத்தேன். சணல் கண்டுக்கு வைத்தேன். ஏணியின் ஒவ்வொரு படிக்கும் வைத்தேன்.

கடைக்கு அன்று விடுமுறையில்லை. தராசைத் தொட முடியாது என்பதால் பொரி, கடலை, வெல்லம், அவல் எல்லாவற்றையும் முந்தைய நாளே எடை போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டி வைத்தவள் சித்தி. பட்டறைகளிலிருந்தும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆபீஸ்களிலிருந்தும் ஆட்கள் வந்து பூஜைச் சாமான் கேட்டு நெருக்கினார்கள். இரும்புக்கும் மரத்துக்கும் சணலுக்கும் ஓய்வு கிடைத்த அந்த நாளில்தான் வருடத்திலேயே அதிகக் கூட்டம். இதில் இருக்கும் அநியாயம் அந்தக் கடையில் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. எனக்கும் அநியாயம் என்ற சொல் தோன்றவில்லை. பொட்டு வைக்க விட்டுப்போன ஒரு சாமானாகத்தான் சித்தி பட்டாள்.

கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. சித்தி முன்பக்கம் நின்று பொட்டலம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மேசைக்கு அடியில் புகுந்து அவளுடைய வலது காலில் ஒரு பொட்டு, இடது காலில் ஒரு பொட்டு வைத்தேன். பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். காலைத் தொடுவது எனக்கு விசித்திரமாக இல்லை.

"ஏஞ் சாமி, கூசுது. எந்திரி" என்றாள் சித்தி, கீழே பார்க்காமலே.

அப்போது முதலாளி நாற்காலியிலிருந்து கை நீட்டினார். "ஏம்மா, அந்த மேல் தட்டுல இருந்து மண்டை வெல்லத்த எறக்கு."

நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து சொன்னேன்: "சித்தி எடுக்கக் கூடாதுங்க. காலுக்குப் பொட்டு வச்சாச்சுங்க. நாளைக்கு வரைக்கும் லீவுங்க."

சித்தி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். முதலாளி எட்டிப்பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட, வாஸ்தவந்தானே! கேட்டீங்களாங்க இந்தப் புள்ள சொல்றத? நம்ம கடைக்கு இந்தம்மாவும் ஒரு ஆயுதந்தானே! டேய், அந்த ஸ்டூல எடுத்துப் போடுறா."

பச்சை ஸ்டூல் ஆயுத வரிசைக்கு நடுவே வந்தது. சித்தி "வேண்டாங்க, மொதலாளி, வேண்டாங்க" என்று பின்வாங்கினாள். அவர் விடவில்லை. உட்கார வைத்தார். பூஜைத் தட்டில் வைத்திருந்த சூடத்தை ஏற்றி, தராசுக்கு ஒரு சுற்று, இயந்திரத்துக்கு ஒரு சுற்று, சித்திக்கு ஒரு சுற்று காட்டினார். கூட்டத்திலிருந்த ஒரு பட்டறைக்காரர், "ஆயில் உட்டீங்களா மொதலாளி? இல்லீன்னா கிறீச்சுனு சத்தம் போடுமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூஜையைப் படம் எடுக்க வந்தவர் பளிச்சென்று ஒரு வெளிச்சம் போட்டார்.

அந்தப் படம்தான் இது. சித்தியின் இரண்டு கைகளும் முழங்காலில் இருக்கின்றன. பார்வை கேமராவில் இல்லை.

"சரி, போட்டோ முடிஞ்சுது. காலத் தொடச்சுட்டு வெல்லத்த எறக்கும்மா" என்றார் முதலாளி. ஸ்டூல் மறுபடி வாடிக்கையாளர் பக்கம் போனது. ஏணிக்குப் பொட்டு வைத்திருந்தது. அதைத் தொடக் கூடாது. ஆகவே சித்தி பருப்பு மூட்டைகளின்மேல் ஏறி வெல்லத்தை இறக்கினாள். நான் எழுதியதை நானே இன்னொரு முறை படித்துப் பார்க்கிறேன். ஆமாம், அப்படித்தான் நடந்தது. ஏணிக்கு இருந்த விடுமுறையை மீற அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கூட்டம் குறைந்ததும் துணி கொடுத்தார்கள். ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். மூட்டை தூக்கும் அண்ணன் டார்ச் லைட் கேட்டார், கிடைத்தது. சித்தி போய் நின்று, வாயைத் திறப்பதற்குள், முதலாளி சேலையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "உனக்கென்னம்மா, ஸ்டூலே போட்டாச்சு! இனி என்ன வேணும்?"

மறுபடி சிரிப்பு.

"ஒண்ணும் வேண்டாங்க" என்றாள் சித்தி.

எனக்கு அவர் ஒரு பை நிறையப் பொரி கொடுத்தார். "கெட்டிக்காரப் புள்ள" என்று கன்னத்தைக் கிள்ளினார். அவர் கெட்டவர் இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். கை நீட்டி அடித்ததில்லை, சம்பளத்தை இழுத்ததில்லை. எனக்கு அந்த நற்சான்றிதழைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மனுஷி உட்கார்வதை வேடிக்கையாக்கிவிட்டால், அதன்பிறகு அவள் அதைக் கோரிக்கையாகக் கேட்க முடியாது. கேட்டால் எல்லோருக்கும் அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வரும். அவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. சித்தி அதே கடையில் மேலும் பல வருடங்கள் நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பொரி தின்றேன். சித்தி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் நிறுத்தம் வரைக்கும் நின்றே வந்தாள். கண்டக்டர்கூட, "எடம் இருக்குதுங்க, உக்காருங்க" என்றார். நான் பெருமையில் இருந்தேன். கடையில் வேலை செய்கிறவர் யாருமே உட்கார முடியாத ஸ்டூலில் என் சித்தியை உட்கார வைத்தவள் நான். ஏன் அவள் என்னைப் பாராட்டவில்லை என்று எனக்குச் சின்ன வருத்தம்கூட இருந்தது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. போன வாரம் எங்கள் பக்கத்துப் பெரிய கடையொன்றில் பில் போடும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் பார்த்தேன். அதன்மேல் மூன்று அட்டைப்பெட்டி பிஸ்கட் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். "உக்காரலாமல்ல?" என்று கேட்டேன். "எங்கீங்க, பெட்டிய எங்க வெக்கறது?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. வீட்டுக்கு வந்துதான் இந்தப் படத்தை எடுத்தேன்.

ஒரு தகவல் மட்டும் பாக்கி. மூட்டை தூக்கிய அண்ணனை இந்த ஆண்டு தேடிப்போய்ப் பார்த்தேன். முதலாளி சொல்லியும் சித்தி அன்று காலிலிருந்த பொட்டைத் துடைக்கவில்லை என்கிறார் அவர். கடை சாத்தும்வரை அந்த இரண்டு பொட்டோடுதான் வேலை செய்தாள், தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். சித்தியிடம் கேட்டேன். சுவரில் சாத்தியிருந்த காலை இறக்காமல், "யாருக்குச் சாமி ஞாபகமிருக்குது" என்றாள். பஸ்ஸில் நான் அவள் காலைப் பார்க்கவில்லை. படம் முழங்காலோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இதை உறுதிசெய்யப்படாத தகவல் என்றே குறித்து வைக்கிறேன்.