பெரியப்பா என்னை ஒளித்து வைத்த பதினான்கு நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கொரோனாச் செய்தி இரண்டு முறை வரும். முதலில் ரேடியோ சொல்லும். பிறகு பெரியப்பா சொல்வார். ரேடியோ கேட்காதவர்கள்கூடப் பெரியப்பா சொல்வதைக் கேட்க அவருடைய காம்பரா வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்ற அன்றைய அறிவிப்பை, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு கேட்பார்கள்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். லயம் என்ற அந்த ஒரே கூரை வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா அவருடையது. அதற்கு முந்தியது எங்களுடையது. பெரியம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். விமானங்கள் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. பெரியப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் வேலை. இருபது வருடமாகத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு கொஞ்சம் பழுதாகியிருந்தது. லயத்துக்கு வரும் மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று, ஏதோ காட்சி பார்ப்பவர்போலக் கொட்டகலைப் பக்கம் திரும்பிக்கொள்வார். இளைப்பு அடங்கியதும் மறுபடி ஏறுவார்.

அப்போது நாடே பூட்டிக் கிடந்தது. தோட்டம் மட்டும் திறந்திருந்தது. கீழ் லயத்தில் இரண்டு பேருக்கு நோய் என்று மஞ்சள் நாடா கட்டினார்கள். நாடாவுக்குள் இருப்பவர்கள் கடைக்குப் போகக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. ஆனால் நோய் காணாதவர்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகலாம். காலையில் நாடாவைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஆட்கள் கூடைகளோடு குனிந்து வெளியே வருவார்கள். சாயந்தரம் அதே நாடாவுக்குள் குனிந்து போவார்கள்.

பெரியப்பா அதைப் பற்றிச் சொன்னார்: “இந்த நோய்க்கு மணி பாக்கத் தெரியுது. ஏழரைக்கு லயத்த விட்டு ஒதுங்கிக்குது. வேல முடிஞ்சதும் திரும்பி வந்துருது.”

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வேலைக்குப் போகிறவர்களின் நெற்றியில் ஒரு கருவியைக் காட்டிச் சூடு பார்த்தார்கள். எல்லோருக்கும் முப்பத்தாறு. பெரியப்பா தன் தேத்தண்ணிப் போத்தலை நீட்டிப் பார்க்கச் சொன்னாராம். அதுவும் முப்பத்தாறு. தொழிற்சாலை வாசலில் கை கழுவ ஒரு தொட்டி கட்டி, அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்துத் திறந்து வைத்தார்கள். குழாய் இருந்தது, சவர்க்காரம் இருந்தது, தண்ணீர் மட்டும் அடுத்த மாதம் வரும் என்றார்கள். இதையெல்லாம் பெரியப்பா நடித்தும் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இத்தனையும் பொய்யென்றால் நோயும் பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

சிரிக்க முடியாத ஒரு காரியமும் நடந்தது. நாடா கட்டிய லயத்திலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று புருஷனுக்குச் சொல்லவில்லை. பெயரைச் சிங்களத்தில் தப்பாக எழுதியிருந்ததால், எங்கே கேட்டாலும் அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள். நாலாம் நாள் அவளே யாருடைய போனிலிருந்தோ பேசினாள். பிள்ளை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அம்மாவுக்கும் அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. எனக்குப் பிறகு பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கிய கரு அது.

அந்த வாரம்தான் எனக்கு மணம் போயிற்று.

இரண்டு நாளாக மூக்கு ஒழுகித் தடிமல் இருந்தது. அம்மா அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லிப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பெரியம்மாவின் பழைய கடிதம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார். ரொட்டி கரியாகி, காம்பரா முழுக்கப் புகை. பக்கத்தில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கருவாட்டுச் சட்டியைத் திறந்து முகர்ந்தேன். வெறும் காற்று.

மணம் போனால் என்ன அர்த்தம் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். நோய் பொய் என்று முடிவு கட்டியிருந்தும் எனக்கு அந்தப் பஸ் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொல்லாமல் பெரியப்பாவிடம் போனேன்.

அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். மூக்குக்குக் கீழே எதையோ பிடித்தார்.

“என்ன மணக்குது பாப்பா?”

“ஒண்ணும் மணக்கல.”

“நல்லா இழு.”

“தண்ணியா பெரியப்பா?”

கண்ணைத் திறந்தேன். மண்ணெண்ணெய்ப் போத்தல். அவர் அதை மூடி, மெதுவாக மூலையில் வைத்தார். பிறகு வழக்கமான குரலில் சொன்னார்:

“தடிமல்தான். ஆனா பீ.எச்.ஐ. நாளைக்கு லிஸ்ட்டோட வாறாராம். மூக்க உறிஞ்சுற ஆளெல்லாம் பஸ்ஸுலதான். நீ இங்கயே ஒளிஞ்சுக்க. வாசப்படிய தாண்டின, அவ்வளவுதான், புடிச்சிருவாங்க.”

பீ.எச்.ஐ. என்றால் சுகாதாரப் பரிசோதகர். வெள்ளை உடுப்போடு அவர் வந்தால் நாய்கள்கூடக் குரைக்காது. எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பெரியப்பா வெளியே போய், பீலிப் பக்கம் நின்றிருந்த அம்மாவோடு தூரத்தில் நின்றே கொஞ்ச நேரம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து, பெரியம்மாவோடு முகம் பார்த்துப் பேச எனக்குப் போன் பழக்கித்தரப் பிள்ளையைக் கொஞ்ச நாள் விடு என்று கேட்டதாகச் சொன்னார். போனை என் கையிலேயே கொடுத்தார். பள்ளிக்கூடம் மூடியிருந்த அந்த நாட்களில் போன் கையில் கிடைத்த பிள்ளையை விட அதிர்ஷ்டசாலி யார்?

பெரியப்பாவும் மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று கணக்கப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பினார். செய்தி வாசிப்பதையும் நிறுத்திவிட்டார். வாசலுக்கு வந்தவர்களை, படுக்கவேண்டும் என்று உள்ளிருந்தே திருப்பி அனுப்பினார். அவர் பாயில் நேராக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதுவும் அதிகாரிகளை ஏமாற்றுகிற விளையாட்டில் ஒரு பகுதி என்று நினைத்தேன்.

அந்தக் காம்பராவில் விநோதமான சட்டங்கள் இருந்தன. பின்பக்க ஜன்னல் குளிரிலும் திறந்தே இருக்கவேண்டும். நான் முன்னறையில், அவர் அடுப்படியில். எனக்கு ஒரு தட்டு, ஒரு கோப்பை. அதை நானே கழுவவேண்டும். பேசும்போது துவாயால் வாயைக் கட்டிக்கொள்ளவேண்டும், ஏனென்றால் பீ.எச்.ஐ. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அம்மா சோற்றைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்று, “சாப்பிட்டியா?” என்பார். ஒரு கை நீட்டினால் தொட்டுவிடலாம். தொடமாட்டார். ரொட்டியைக் கருக்கியதற்கு இன்னும் கோபம் என்று எண்ணிக்கொண்டேன். அப்பா வேலை முடிந்து வந்து தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம் நின்று, பெரியப்பாவுக்குப் போன் பழக்கியாச்சா என்று கேட்டுவிட்டுப் போவார்.

பீ.எச்.ஐ. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. “நாளைக்கு வருவாரு” என்பார் பெரியப்பா. அப்படியே நாட்கள் போயின.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ எனக்கு மணம் திரும்பியது. முதலில் வந்தது சாம்பல் மணம், பிறகு சவர்க்காரம். சந்தோஷமாகச் சொன்னேன். பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. அடுப்படியில் தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமினார். கொத்தமல்லி அவித்துக் குடித்தார்.

“டிஸ்பென்சரிக்குப் போகலாமே பெரியப்பா?”

“போகலாம். இப்ப போனா நாடாவோட வருவாங்க. உங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், அப்புறம் போறேன்.”

அம்மா போவதற்கும் இவர் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. நான் அப்போது போனில் ஒரு விளையாட்டில் மும்முரமாக இருந்தேன்.

நாலு நாள் அப்படியே கிடந்தார். ஐந்தாம் நாள் காலை அம்மாவுக்கு இடுப்பு வலி கண்டது. அப்பா முச்சக்கர வண்டி பிடித்து வந்தார். நான் ஜன்னல் வழியே கை காட்டினேன். வண்டி வளைவில் மறையும்வரை பெரியப்பா கதவு இடுக்கில் ஒரு கண்ணை வைத்து நின்றார். பிறகு வெந்நீர் வைத்து என்னைத் தலைமுழுகச் சொன்னார்; என் பாயையும் துணியையும் வெயிலில் போடச் சொன்னார். “இனிமே புடிக்க மாட்டாங்க, வீட்டுக்குப் போ” என்றார். வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து டிஸ்பென்சரிக்கு நடந்தார். இறக்கம்தான். இருந்தும் மூன்று இடத்தில் உட்கார்ந்து போனார் என்று பிறகு சொன்னார்கள்.

யார் யாரோடு பழகினீர்கள் என்று பீ.எச்.ஐ. சிங்களத்தில் கேட்டாராம். பெரியப்பாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். மனைவி வெளிநாட்டில், நான் தனி ஆள், இடுப்பு வலியால் இரண்டு வாரமாக யாரையும் பார்க்கவில்லை என்றாராம். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நோய் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில், தெரியவில்லை என்று போட்டார்கள்.

அன்று மாலையே எங்கள் லயத்துக்கு மஞ்சள் நாடா கட்டினார்கள். அதற்குள் அம்மா பிரசவ வார்டில் சேர்ந்து, அங்கே சோதித்துப் பார்த்து நோயில்லை என்று எழுதிவிட்டார்கள். தம்பி பிறந்தான். அம்மா லயத்துக்கு வராமல் நேரே பூண்டுலோயாவில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டார். பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு நாள் மூச்சுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். முதல் நாளே வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் திட்டினாராம்.

அன்று பீலிப் பக்கம் நின்று பெரியப்பா அம்மாவிடம் சொன்னது இதுதான்: “புள்ளைக்கு அந்த நோய்தான். நான் வச்சுப் பாத்துக்கிறேன். நீ கிட்ட வராத, வயித்துல இருக்கிறதப் பாரு.” அதை அம்மா எனக்குச் சொல்ல ஐந்து வருடம் ஆயிற்று. அதன் பிறகுதான் உட்கார்ந்து நாட்களை எண்ணிப் பார்த்தேன். அதிகாரிகளுக்குப் பயந்து நான் ஒளிந்திருந்த நாட்கள் சரியாகப் பதினான்கு. அதிகாரிகள் சொன்ன அதே பதினான்கு. பெரியப்பா நோய் பொய்யென்று ஒரு நாளும் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் நம்பாதது லிஸ்ட்டையும் பஸ்ஸையும்தான்.

அவர் திரும்பி வந்த அன்று இதொன்றும் எனக்குத் தெரியாது. நாடாவை அவிழ்த்திருந்தார்கள். அம்மாவும் தம்பியோடு அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தார். பெரியப்பா பாதியாக மெலிந்து, வாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். மேல்மாடி வேலைக்கு இனி ஏறமுடியாது என்று சொல்லிவிட்டிருந்தார்கள். ஆட்கள் தூரத்தில் நின்று விசாரித்தார்கள். ஒருவர் கேட்டார்:

“அத்தன பேச்சு பேசினீங்களேண்ணே, கடைசில உங்களத்தானே புடிச்சிச்சு?”

“லிஸ்ட்டுல என் பேரு தப்பா விழுந்துருச்சு,” என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட நான் பலமாகச் சிரித்தேன். எங்களுக்கெல்லாம் கதை சொல்லிவிட்டு இவரே மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு ஒரே வேடிக்கை. போதாததற்கு, பதினான்கு நாள் என்னை ஒளித்து வைக்கத் தெரிந்தவருக்குத் தன்னை ஒளிக்கத் தெரியவில்லையே என்று சத்தமாகச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அம்மா, யாரும் நெருங்காத அந்தக் கதிரைப் பக்கம் போய், துணியில் சுற்றிய தம்பியை அவர் மடியில் வைத்தார்.

பெரியப்பா பதறி, கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “வேணாம்மா. சுகமாயிருச்சுன்னு அவங்க எழுதிக் குடுத்தத நம்பாத.”

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அவருடைய கைகளை எடுத்துத் தம்பியைச் சுற்றி வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. பெரியப்பாவிடம் தம்பியைக் கொடுக்க அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.