கல்யாணத்துக்கு வாங்கிய ஊலாங்

ஜெலுத்தோங்கில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு சீனப் பெண்மணி இருந்தாள். அவளும் என் மனைவியும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பேசிப் பேசியே உறவாகிவிட்டவர்கள். மகனுக்குக் கல்யாணம் வைத்தபோது அவள் வேலியருகே வந்து சொன்னாள்.

"அக்கா, எனக்கு இங்க கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல. மருமக தே குடுக்கிறப்போ நீதான் பெரியம்மாவா உட்காரணும்லா."

சீனர் கல்யாணத்தில் அதுதான் பெரிய சடங்கு. பெண் மண்டியிட்டுத் தேநீர் நீட்டுவாள். பெரியவர்கள் வாங்கிக் குடித்தால்தான் அவளைக் குடும்பம் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். என் மனைவி உடனே தலையாட்டிவிட்டாள். "தேயிலை எங்க வீட்டுச் சீர்" என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். உள்ளே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏங்க, கோப்பையில வாய் வச்சுல்ல குடிக்கணும்?"

தண்ணீரோ காப்பியோ, அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் அவள் வழக்கம். ஒரு சொட்டுச் சிந்தாது. பிறர் உதடு பட்ட பாத்திரம் என்றாலே குமட்டும். மண்டியிட்டிருக்கும் பெண்ணின் முன்னால் குமட்டிவைத்தால் சிநேகிதி முகத்தில் எப்படி விழிப்பது?

"முதல்ல தேயிலையப் பார்ப்போம்" என்று டிராம் ஏற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனேன். சீனர் குடிக்கும் ஊலாங் தேயிலையில் நல்லது எதுவென்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? முதல் கடையில், பாலில் போட எது தோது என்று கேட்டுத் தொலைத்தேன். தேநீரில் பாலே சேர்க்காத அந்தச் சீனக் கடைக்காரர் முகத்தைச் சுளித்து, அடுத்த தெருவுக்குக் கை காட்டினார்.

அங்கே கடை முதலாளியான தவுக்கே பனியனோடு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் நம் ஆட்களோடு பழகிய தமிழ் அவருக்கு. எது உசத்தி என்று கேட்டேன்.

"குடிச்சுப் பாரு. குடிக்காம வாங்கினா பொட்டலக் காகிதம் மட்டும் வாங்கின மாதிரி."

கைப்பிடிக்குள் அடங்கும் இரண்டு மண் கூஜாக்களில் இரண்டு தினுசு இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். ஊற்றியதை உடனே கவிழ்த்தார்.

"ஐயய்யோ, கொட்டுறாரே!" என்றாள் என் மனைவி.

"அது இலைக்குக் குளியல், அம்மா. இனிமேதான் குடிக்கிறது."

குழந்தைக்கு மருந்து புகட்டும் அளவுக்கு இரண்டு கோப்பைகள். இவள் இரண்டையும் வழக்கம்போல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். "ரெண்டும் சுடுது, அவ்வளவுதான்."

தவுக்கே தொடையில் தட்டிச் சிரித்தார். "தே உன் நாக்கப் பார்க்கவே இல்லலா! நேரா வயித்துக்கு ஓடிப்போச்சு!"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே போய், வைக்கோல் சுற்றிய புதுக் கோப்பை ஒன்றை எடுத்துவந்து, அவள் கண்ணெதிரே வெந்நீரில் அலசினார்.

"இதுல யாரும் வாய் வைக்கல. நீதான் மொத ஆளு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு உறிஞ்சினாள். முதலாவதற்கு உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதைக் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மொதல்ல துவர்க்குது, அப்புறம் தொண்டையில தித்திக்குதுங்க. நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்ச மாதிரி."

"போச்சு, இனிமே இவங்ககிட்ட மட்டமான தே விக்க முடியாது" என்றார் தவுக்கே என்னிடம்.

கல்யாணத்துக்கு என்பதால் பொட்டலத்தைச் சிவப்புத் தாளில் கட்டினார். அந்தக் கோப்பையையும் மேலே வைத்தார். "இதையும் கொண்டு போ. அன்னைக்கு இதுலயே ஊத்தச் சொல்லு."

எனக்குப் பாரம் இறங்கியது. அவளோ கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள்.

"வேணாங்கய்யா. எனக்குன்னு தனிக் கோப்பை தூக்கிட்டுப் போனா, நான் விருந்தாளி. பெரியம்மா இல்ல."

கல்யாணத்தன்று, மாப்பிள்ளையின் சித்தப்பா குடித்து வைத்த கோப்பையிலேயே பெண் மறுபடி ஊற்றி, மண்டியிட்டு நீட்டினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணை மூடினாள். விளிம்பில் உதட்டை வைத்துச் சத்தம் கேட்க உறிஞ்சினாள். கண்ணைத் திறந்து கோப்பையைத் திரும்ப நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்தும்மா."

அப்படி ஒரு வழக்கமே கிடையாது. பெண் திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தாள்.

"ஊத்து, ஊத்து" என்றாள் அடுத்த வீட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பெரியம்மா கேட்டா குடுக்கணும்லா."