சாட்சி சொன்ன வாய் பரிசோதனைக்குப் பயந்தது

போன ஆண்டு மழைக்காலம். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி போன் செய்தார். என் கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் இருக்கிறதாம். ஈப்போ பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டுமாம். போனை வைத்துவிட்டு, முதல் தரத் தூளையும் கழிவுத் தூளையும் ஒரே மூட்டையில் கொட்டினேன். கணக்கெழுதும் கிராணி திட்டியது காதில் விழவே இல்லை. என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. அவளுக்கு அப்பா ஏற்கெனவே இல்லை.

சகோதரிகளே, மறைக்காமல் சொல்கிறேன். நான் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவள். கணவர் மூலம் வந்தது. தினமும் ஒழுங்காக மாத்திரை போடுகிறேன், ஒழுங்கில்லாமல் பாட்டுப் பாடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டதென்று டாக்டர் சொன்னார். நான் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் எழுந்து நின்று, என் ரத்தத்தில் இருந்த வியாதி அடியோடு போய்விட்டது என்று சாட்சி சொன்னேன். வியாதியின் பெயரை மட்டும் விழுங்கிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு மிஸ்ஸி கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னேன். குணமானேன் என்று சொன்னவள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றால் ஆண்டவருக்கு அவமானம் இல்லையா? உண்மையில் அவமானம் எனக்குத்தான். அதை ஆண்டவர் தலையில் போட்டிருந்தேன். எனக்கு வலியும் இல்லை, உதிரப்போக்கும் இல்லை. அதுவும் வசதியாகப் போயிற்று.

மிஸ்ஸி விடவில்லை. “ரத்தப் பரிசோதன கர்ப்பப்பைய எட்டிப் பாக்காது லா. ஒன்ன மாதிரி உள்ளவங்களுக்கு இந்தப் புத்து சீக்கிரம் வரும். அதான் அடிக்கடி பாக்கச் சொல்றோம்” என்றார். படுக்க வேண்டாம், யாரும் பார்க்கவும் வேண்டாம், நீயே மாதிரி எடுத்துக் கொடு என்று ஒரு நாள் பஞ்சு வைத்த குச்சி ஒன்றைக் கையில் கொடுத்தார். கோவிட் ஞாபகத்தில், எந்த மூக்குத் துவாரம் என்று கேட்டேன். அவர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குச்சியின் முடிவைத்தான் போனில் சொன்னார்.

அன்று மாலை தோட்டத்து லயத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். ஆண்டவரே, என் குச்சி வேறு யாருடையதோடாவது மாறியிருக்கட்டும் என்று ஜெபித்தேன். பாதியில் நாக்கு நின்றது. வேறொரு பெண்ணுக்கு இது இருக்கட்டும் என்றல்லவா கேட்கிறேன்! அதற்கு மேல் ஜெபிக்க முடியவில்லை. எழுந்து, ஜெபக்கூட்டம் நடத்தும் ஞானம் அக்கா வீட்டுக்குப் போய், வியாதியின் பெயரோடு எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா என்னைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, “ஏன்டி, சொன்ன சாட்சியக் காப்பாத்தவா சாவப் போற? ஒம் பொண்ணக் காப்பாத்துற வழியப் பாரு” என்றார். இருவரும் கை கோத்து ஜெபித்தோம். இருக்கிறதைக் காட்டும், ஓடாமல் நிற்க எனக்குக் கால் கொடும். அவ்வளவுதான் கேட்டோம்.

ஈப்போவில் டாக்டர் காடி மாதிரி ஏதோ தடவி, பூதக்கண்ணாடி போன்ற கருவியால் பார்த்தார். என்னை ஊறுகாய் போடுகிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் துளி சதை எடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம். ஒவ்வொரு நாளும் ஓடிவிடத் தோன்றியது. ஓடவில்லை.

செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்றுநோய் ஆகவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சூடான கம்பி வளையத்தால் அந்த இடத்தை எடுத்தார்கள். அன்றே வீடு திரும்பினேன். இந்த ஆண்டு மறுபடி பார்த்ததில் எதுவும் இல்லை. இதோடு முடிந்தது என்று மட்டும் இனி சொல்ல மாட்டேன். கூப்பிடும்போதெல்லாம் போவேன். வலியே இல்லாத நாளில் அதை எனக்குக் காட்டிக் கொடுத்தாரே, அதற்காக ஆண்டவருக்கு ஆயுசெல்லாம் ஸ்தோத்திரம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி எழுந்து நின்று, பழைய சாட்சியைத் திருத்திச் சொன்னேன், இந்த முறை பெயரோடு. யாரும் கை தட்டவில்லை. ஒரு சகோதரி அடுத்த வாரம் வரவில்லை. இரண்டு பேர் ஜெபம் முடிந்தும் போகாமல் நின்று, கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்கள்.

ஜெபியுங்கள், சகோதரிகளே. ஜெபித்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். வருகிற புதன்கிழமை அந்த இரண்டு பேரையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறோம். ஞானம் அக்கா காரில் பின் சீட்டில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது.