பூவரச மரத்தடியில் இரண்டு கடை

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு பூவரச மரம் நிற்கிறது. விடிகாலை நாலரையிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் அதன் அடியில் இட்லிக்காரியின் தள்ளுவண்டி நிற்கும். சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் என் வடை வண்டி. நடுவில் அந்த இடத்தை வெயில் வைத்துக்கொள்ளும். தூத்துக்குடி வெயிலோடு இடத்துக்குச் சண்டை போட எங்கள் இரண்டு பேருக்கும் தெம்பு கிடையாது.

பத்துப் பன்னிரண்டு வருசமாக இப்படித்தான். ஒரே இடத்தில் பிழைக்கிறோம், முகம் பார்த்துக்கொள்வது அபூர்வம். கிளையில் மூடி போட்ட வயர்கூடை ஒன்று தொங்கும். கிளம்பும்போது அவள் அதில் நாலு இட்லியை இலையில் கட்டி வைத்துவிட்டுப் போவாள். நான் கிளம்பும்போது நாலு வடை வைப்பேன். அதுதான் எங்களுக்குள் கடுதாசி. இட்லியில் பொடி அளவுக்கு மீறி இருந்தால் அவளுக்கு வீட்டில் சண்டை என்று தெரிந்துகொள்வேன். எனக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. இந்தக் கடுதாசிக்கு அது தேவையும் இல்லை.

போன வருசம் ஒரு சாயங்காலம் வண்டிக்கடைகளைக் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். வந்ததும் இரண்டு வடை வாங்கித் தின்றான். நல்ல பிள்ளைதான்.

"ஆச்சி, இந்த இடத்துல கடை போடுறது யாரு?"

"கண்ணு முன்னால நிக்கேன், என்கிட்டயே கேக்கியே. நான்தான்."

"வேற யாரும் போடுறாங்களா? ஒரு இடத்துக்கு ஒரு ஆளுக்குத்தான் அட்டை. அட்டை இல்லாத வண்டிய இனி ரோட்டுல நிக்க விட மாட்டாங்க."

எவளாலும் அடைக்க முடியாத வாய் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு அது தானாக அடைத்துக்கொண்டது. வடை அள்ளுகிற அரிகரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன். இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். நான் பொய் சொல்லவில்லையே என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

இந்த மாதிரி விசயம் டீக்கடை வழியாக அவள் காதுக்குப் போவதற்கு ஒரு ராத்திரி கூட ஆகாது. மறுநாள் மூன்று மணிக்குப் போய்க் கூடையைத் திறந்தால் என் வடை நாலும் அப்படியே இருக்கிறது. இட்லி இல்லை. வடையை எறும்பு எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் விடியும் முன்னே எழுந்து போனேன். அவ்வளவு வருசத்தில் அவள் வியாபாரத்தை நான் உருப்படியாகப் பார்த்ததே அன்றைக்குத்தான். உப்பளத்துக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள். இரண்டு லாரிக்காரர்கள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். அவள் யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. வயிற்றுப்புண்காரிக்குச் சட்னி வைக்கவில்லை, சர்க்கரைக்காரிக்கு மூன்றுக்கு மேல் கொடுக்கவில்லை. "இன்னொண்ணு வையி" என்று கேட்டவளை, "காலு வீங்கிக் கெடக்கு, பேச்சப் பாரு" என்று விரட்டினாள்.

நான் பக்கத்தில் போய், "ஏளா, ரெண்டு இட்லி வையி" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "இடத்துக்காரி வந்துட்டாக. எல்லாரும் எந்திரிச்சி வழி விடுங்க."

ஒரு கேலி சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நாங்க அளத்துல இறங்குனா வெயில் ஏறுற மட்டும் உப்புலதான் நிக்கணும். அங்கன என்ன ஓட்டலா இருக்கு? இவ இல்லன்னா வெறும் வயித்தோடதான் போகணும். சாயந்தரம் ஒங்க வடை இல்லன்னா யாருக்கு என்ன போச்சு, சொல்லுங்க?"

என் வடையை அப்படி ஒருத்தி சொல்லி நான் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குச் சாயங்காலம் கணக்கெடுக்கிற தம்பி, பக்கத்துத் தெரு வேலையை முடித்துவிட்டு வடைக்கு வந்தான். நான் தட்டை எடுக்கவில்லை.

"தம்பி, காலையில இங்கன ஒருத்தி இட்லி விக்கா. அவ பேரயும் எழுது."

"அன்னைக்கு நீங்க சொல்லலயே ஆச்சி?"

"சொல்லல. இப்பச் சொல்லுதேன்."

அவன் போனைத் தடவித் தடவிப் பார்த்தான். "நேரம்னு ஒரு கட்டம் இருக்கு. காலை, மாலைன்னு பிரிச்சி ரெண்டு பேரப் போடலாம் போலுக்கு. இதுவரைக்கும் யாரும் கேக்கல. ஆனா கடை நடக்கும்போது நானே வந்து போட்டோ எடுக்கணும். எத்தன மணிக்கு?"

"நாலரைக்கு வந்துரு."

அவன் சிரித்தான். "நான் திருநெல்வேலி ரோட்டுப் புதுக்கோட்டையில இருந்து வாரேன் ஆச்சி. நாலரைக்கு எங்க வீட்டுச் சேவலே எந்திரிக்காது."

"அப்ப வடை கிடையாது."

விளையாட்டு என்று நினைத்தான். மூன்று சாயங்காலம் வந்தான், மூன்று சாயங்காலமும் கொடுக்கவில்லை. அவனுக்கு இடப்பக்கம் நின்றவனுக்குக் கொடுத்தேன், வலப்பக்கம் நின்றவனுக்கும் கொடுத்தேன்.

"ஆச்சி, இது அநியாயம்."

"மோந்து பாத்துக்கோ தம்பி. அதுக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நாலாம் நாள் விடிகாலை ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றான். இன்றைக்கு எப்படியும் வருவான் என்று நான் முந்திக்கொண்டு போய் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். இட்லிக்காரி அவனைப் பார்த்ததும், "வரிசையில வா. ஹெல்மெட்டு போட்டவனுக்குன்னு தனி இட்லி கெடையாது" என்றாள். அவன் அட்டை விசயத்தைச் சொன்னான். "யாரு வரச் சொன்னா?" என்று கேட்டாள். அவன் மரத்தைக் கை காட்டினான். அவள் என்னைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இட்லி வேகிற கொப்பரையைத் திறந்தால்தான் கடை நடக்கிறதென்று தெரியும் என்றான் அவன். திறந்தால் முகம் முழுக்க ஆவி. முதல் போட்டோவில் புகைதான் விழுந்தது, இரண்டாவதிலும் அதுதான். அப்புறம் உப்பளத்துப் பெண்கள் நாலு பேர் தலைத்துண்டை அவிழ்த்து விசிறி ஆவியை விரட்டினார்கள். மூன்றாவதில் அவள் தெரிந்தாள். சிரிக்கவில்லை. காலை என்ற கட்டத்தில் அவள் பெயரைப் போட்டுவிட்டதாகச் சொல்லி, போனை எல்லாருக்கும் காட்டினான்.

அவன் தின்ன உட்கார்ந்த பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒன் போட்டோல சிரிச்சியாக்கா?"

"சிரிச்சேன்."

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருக்கலாம்ளா."

அவள் கொப்பரையைத் திறந்தாள். பிறகு இரண்டு இட்லியை இலையில் வைத்து என்னிடம் நீட்டினாள். சட்னி கேட்டேன். வாளியில் பாதிக்கு மேல் இருந்தது.

"தீந்துட்டு" என்றாள்.

நான் அந்த வெறும் இட்லியைத் தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றேன்.