கோழி முட்டையிடும் படகு

போன கிழமை கிளினிக்கில் என் மகள், நாங்கள் முதல்நாள் இரவு பாணும் சம்பலும்தான் சாப்பிட்டோம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஏசினேன். ஏசிய பிறகு, ஏசியது சரியா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நான்கு வயதுப் பிள்ளை உண்மையைத்தானே சொன்னாள். ஒன்பது வயதில் நான் சொன்னது இதைவிடப் பெரிய உண்மை. அதை நான் சொல்லியிராவிட்டால், இன்று அவள் ஓடித் திரியும் இந்த வீட்டு வளவே எங்களுக்கு இருந்திருக்காது.

கண்டக்குழியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உல்லாச விடுதி கட்ட வந்தவர், எங்கள் துண்டுக் காணியும் தன்னுடைய உறுதிப் பத்திரத்தில் இருப்பதாக வழக்குப் போட்டார். வாப்பா நோயில் மௌத்தாகி அப்போது இரண்டு வருடம். உம்மா வெங்காயத் தோட்டங்களில் களை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார். வழக்குத் தவணைக்குச் சட்டத்தரணி இல்லாமல் போய் நின்றால் வீடு போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கமே இலவசமாகச் சட்டத்தரணி வைத்துத் தரும் என்றும், அதற்குப் புத்தளத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது என்றும் என் பள்ளிக்கூட ஆசிரியை சொல்லியனுப்பினார்.

புறப்படும் காலையில் உம்மாவின் தங்கை, என் சாச்சி, தன் இரண்டு தங்கக் காப்புகளைக் கழற்றி உம்மாவின் கையில் போட்டார்.

"வெறுங்கையோட போனா வாசல்லயே நிக்க வெச்சிருவாங்க ராத்தா. சீராப் போங்க. அசர் தொழுகைக்கு முந்திக் காப்பு வந்திரணும், சொல்லிட்டேன்."

உம்மா பெருநாள் சேலையை உடுத்தியிருந்தார். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: வெளியாட்களின் முன்னால் 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. சோறு ஆக்காத நாளிலும் யாராவது சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே போகும் நாட்களில் உம்மா அதை எனக்கு இன்னொருமுறை நினைவூட்டுவார். அன்றும் பஸ்ஸில் நினைவூட்டினார்.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு மிஸ், நீளமான படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பின்னால் நீள வாங்குகளில் ஆட்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டில பிரிஜ் இருக்கா?"

"ஓம்."

"வள்ளம், போட் ஏதும்?"

"ஓம் மிஸ். அவர்ட பைபர் போட் ஒண்டு இரிக்கி."

"இந்தக் காப்பு உங்கடயா?"

உம்மா பின்னால் இருந்த வாங்குகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஓம்," என்றார்.

மிஸ் பேனையை வைத்துவிட்டார். "அப்ப உங்களுக்கு எங்களால உதவ ஏலாதும்மா. போட் இருக்கு, நகை இருக்கு. நீங்க வெளியில ஒரு லோயரப் பிடிக்கலாந்தானே."

உம்மா தலையை ஆட்டினார். கிராம சேவகரின் கடிதத்தையும் நீதிமன்றக் கடிதத்தையும் சொப்பிங் பையில் வைத்து மடித்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்ததும், வீடு போகிறது என்று எனக்கு விளங்கியது.

"மிஸ், அந்தப் போட்ல கோழிதான் முட்டையிடுது," என்றேன்.

"என்ன?"

"அடியில பெரிய ஓட்டை. இஞ்சின வாப்பாட மருந்துக்கு வித்தாச்சு. இப்ப கறுத்தக் கோழியும் சிவப்புக் கோழியும் அதுக்குள்ளதான் இரிக்கி. பிரிஜ் வேலை செய்யாது. எலி கடிக்காம என்ட பொஸ்தகம் எல்லாம் அதுக்குள்ள வெச்சிரிக்கம். காப்பு சாச்சிட. அசருக்கு முந்திக் குடுக்கணும்... உம்மா, ஏன் கிள்ளுறீங்க?"

வாங்குகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர், "இந்தப் புள்ளயே லோயர்தான், வேற என்னத்துக்கு?" என்றார். மிஸ் சிரிக்கவில்லை.

"மகள் சொல்றது உண்மையா?"

உம்மா மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காப்பு தங்கச்சிட," என்றார். பிறகு, "பிரிஜ்ஜும் புள்ள சொன்னபடிதான்."

"போட் கடலுக்குப் போறதா?"

உம்மா பின்னால் இருந்த வாங்குகளை இன்னொருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

மிஸ் எழுதியதையெல்லாம் வெட்டினார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. இல்லாத ஆக்களுக்குத்தான் நாங்க இங்க இருக்கிறம்," என்று புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். கடைசியில் அதில் முத்திரை விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இல்லாததற்கெல்லாம் புள்ளி போடும் பரீட்சையை அன்றைக்குத்தான் கண்டேன். நாங்கள் பாஸ் என்று பஸ் நடத்துநரிடம் சொன்னேன். இறங்கியதும் கடைக்காரரிடம் சொன்னேன். ஓடிப்போய்ச் சாச்சியிடம் சொன்னேன்.

"என்ட காப்பையும் சேர்த்தா மானங்கெடுத்தின?" என்று சாச்சி தலையில் கைவைத்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்.

அரசாங்கம் தந்த சட்டத்தரணி கறுப்புக் கோட்டுப் போட்ட இளம் பெண். எங்கள் துண்டு உங்கள் உறுதியின் எந்த வரைபடத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்று நீதிமன்றத்தில் அவர் கேட்டார். விடுதிக்காரர்களால் காட்ட முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டு வழக்குத் தள்ளுபடியானது. விடுதியின் வேலி எங்கள் எல்லைத் தென்னையோடு நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. அந்தத் தென்னையில்தான் என் மகளுக்கு ஊஞ்சல் கட்டியிருக்கிறேன். அதில் அவள் ஆடும்போதெல்லாம், நான் வென்று கொடுத்த வளவு என்று எனக்குள் ஒரு பெருமை வரும்.

ஆனால் அந்த அலுவலகத்துக்குப் போய்வந்த மறுநாள் காலையும் கூடவே நினைவுக்கு வரும். நான் எழும்பியபோது உம்மா தோட்டத்து வேலைக்குப் போயிருக்கவில்லை. கோழிகளைத் துரத்திவிட்டு, படகுக்குள் இறங்கி, வைக்கோலையும் எச்சத்தையும் வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு தேங்காய்த் தும்பால் பலகைகளைத் தேய்த்தார். வாப்பா உட்காரும் பின்பலகையை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தார். அவருடைய முகம் கழுவியதுபோல் நனைந்திருந்தது.

பரீட்சையில் பாஸானதற்காகப் படகைக் கடலுக்கு அனுப்பப் போகிறோம் என்றுதான் அப்போது நான் நினைத்தேன். ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேடி எடுத்து, கிணற்றடிக்கும் படகுக்குமாகச் சந்தோசமாக ஓடி ஓடித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.