மூடியைத் திறக்கக் கூடாது

அஃப்ஸானாவுக்குப் பொறுமை கிடையாது. எதிர்வீட்டில் பதினேழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொல்கிற உரிமை எனக்கு உண்டு. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். இட்லி வெந்ததா என்று பார்த்துப் பார்த்தே ஆவியையெல்லாம் வெளியே விட்டுவிடுவாள். "உள்ள இன்னா, சினிமாவா ஓடுது?" என்று நான் கேட்டால், "பாக்காம எப்படிக்கா தெரியும்?" என்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், எட்டு மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது என்று ஒரு பானையைக் கொடுத்தார்கள்.

அவள் கணவன் அசாருதீன் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள் ரிஃபா, பத்தாம் வகுப்பு. கல்யாண வீடுகளில் பிரியாணி போடுகிற பண்டாரிக்குக் கையாளாகப் போய்க் கறி ஊறவைக்கவும் மசாலா அரைக்கவும் கற்றுக்கொண்டவள் அஃப்ஸானா. அதற்குப் பிறகு, ஏரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் ரூம் பெருக்குகிற வேலைக்குப் போனாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்கு வருகிற இன்ஜினியர்கள் தங்குகிற வீடு அது. போன மாதம் அங்கிருந்த சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான்.

இவளுக்கு அந்தச் சமையல் வேலை வேண்டும். ஏனென்றால் அது கிடைக்காவிட்டால் குவைத். ஒரு வீட்டில் சமைக்க ஆள் கேட்டு ஏஜெண்ட் வந்து போயிருந்தான். பாஸ்போர்ட் தயார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் இரண்டு வருடம் மகளைப் பார்க்க முடியாது. ரிஃபாவைத் தன் அக்கா ஜைனம்பு வீட்டில் விடுவதாகப் பேச்சு. ரிஃபா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அஃப்ஸானாவைத் தின்றது.

கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் தனசேகர் வியாழக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்கு நீ சமைம்மா. மாடியில தங்கிகிறாங்களே எப்சிபா மேடம், அவங்க சாப்ட்டுட்டு ஓகேன்னு சொல்லட்டும். இல்லேன்னா சனிக்கிழம பொன்னேரிலேர்ந்து ஒரு ஆள் வர்றான், அவன வச்சிப்பேன்."

எப்சிபா தூத்துக்குடிக்காரி. கப்பல்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலை. வெளிநாட்டில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்தவள், அங்கே குளிருக்குத் தின்று பழகிய மாட்டுக்கறி ஸ்டூ இல்லாமல் வாரம் போகாது. அதற்கென்றே ஒரு ஸ்லோ குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே கனமான பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி, கரண்டில் ஓடும். ஒரு தாளில் சாமான் கணக்கையும் கீழே மூன்று விதிகளையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஒன்று, காலை ஒன்பது மணிக்குக் குறைந்த சூட்டில் வைக்க வேண்டும். இரண்டு, எட்டு மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. மூன்று, எழுதியதைத் தவிர எதையும் சேர்க்கக் கூடாது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குச் சாப்பாடு. ஆறே காலுக்குக் கார் வந்துவிடும், இரவு வேலை.

வெள்ளிக்கிழமை, நோன்பு மாதம். நோன்பு திறக்க ஆறு இருபது ஆகும். அதாவது அஃப்ஸானா தான் சமைத்ததை வாயில் வைத்துப் பார்க்காமலே பரிமாற வேண்டும். நாக்கு நுனியில் பட்டதும் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. "எனக்கு மனசு வராதுக்கா" என்று அவள் சொல்லிவிட்டாள். பொறுமைதான் கிடையாது, பிடிவாதம் நிறைய உண்டு.

காலையில் கடையில் தொடைக் கறியாக ஒரு கிலோ கெஸ்ட் ஹவுஸுக்கும், அதே துண்டிலிருந்து அரைக் கிலோ வீட்டுக்கும் வெட்டி வாங்கினாள். வீட்டுக் கறியை ரிஃபாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை சமையலறையில் கறி வாசனை ஆகாது என்று தனசேகர் சொன்னதால், பின்பக்க வராந்தாவில் இருந்த பிளக்கில் குக்கரைச் செருகினாள். கறி, வெங்காயம், பெரிய துண்டுகளாக உருளைக்கிழங்கு, கேரட், தக்காளி, மிளகு, உப்பு, பிரிஞ்சி இலை, தண்ணீர். ஒன்பது அடிக்கும்போது மூடினாள்.

பத்து மணிக்குத் திறந்தாள்.

கறி பச்சையாகவே கிடந்தது. தண்ணீரில் விரல் வைக்கலாம். "இது அடுப்பா, இல்ல வென்னி ஒத்தடமா?" என்று கத்தினாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ராஜாத்தி எட்டிப் பார்த்தாள். "தொறக்காதனு எழுதிகீதுன்னு சொன்ன?"

"பாக்காம எப்படிக்கா தெரியும்?"

பத்தரைக்கு ஒருமுறை. பதினொன்றுக்கு இன்னொரு முறை. அப்போதும் சின்னக் கொதி கூட இல்லை. இந்த லட்சணத்தில் தொடைக் கறி சாயங்காலம் ரப்பர் மாதிரி இருக்கும், எப்சிபா மேடம் மெல்ல முடியாமல் தட்டைத் தள்ளிவிடுவாள், பொன்னேரிக்காரன் வந்துவிடுவான், ரிஃபா ஜைனம்பு வீட்டு மூலையில் பாயை விரிப்பாள். அஃப்ஸானாவின் மனது அவ்வளவு தூரம் ஓடிவிட்டது. கறி முரடாக இருந்தால் பண்டாரி என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். கொல்லையில் பப்பாளி மரம் இருந்தது. ராஜாத்தியை ஒரு காய் பறிக்கச் சொல்லி, தோலோடு பாலோடு அரைத்து, இரண்டு கரண்டி உள்ளே விட்டுக் கிளறி மூடினாள். அதன் பிறகும் இரண்டு தடவை திறந்தாள் என்பது ராஜாத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ராஜாத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரிச் சேற்றில் இறங்கிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பம். துறைமுகத்தைப் பெரிதாக்கக் கூடாது என்று கொடி பிடித்துப் போனவள் அவள், அங்கே வேலை பார்க்கிறவர்களின் தட்டைக் கழுவுகிறவளும் அவளே. மூன்று வருடமாகக் கெஸ்ட் ஹவுஸில் இருக்கிறாள். அவளுடைய தட்டும் டம்ளரும் தனியாகத் தொட்டிக்குக் கீழே இருக்கும். ஓடிப்போன சமையல்காரன் கழுவாத பாத்திரத்தைத்தான் அவள் கையில் கொடுப்பான், சமைக்கிற பாத்திரத்தைத் தொட விடமாட்டான். யார் அப்படி வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அஃப்ஸானாவும் கேட்டதில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றரை மணிக்கு அஃப்ஸானா ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு ராஜாத்தியிடம் வந்தாள். "அக்கா, நீ வாயில வச்சு பாரு. எனக்கு வேற ஆள் இல்ல."

ராஜாத்தி கையைச் சேலையில் துடைத்தாள். "நானா? மேடம் சாப்புடறதுல நானா?"

"நீதான். உப்பு பாரு, கறி வெந்துச்சான்னு பாரு. பொய் சொல்லாத."

மூடியைத் திறந்தார்கள். வாசனை நன்றாக இருந்தது. ராஜாத்தி கரண்டியைப் பாத்திரத்தின் அடிவரைக்கும் விட்டு மெதுவாகத் துழாவினாள். கலங்கல் தண்ணீரில் கையாலேயே இறாலைத் தேடுகிறவள், கண்ணை நம்புவதில்லை. இரண்டு சுற்று துழாவினாள். வாயில் வைத்தாள். முகம் மாறியது.

"அஃப்ஸானா, உப்பு ஒரு கல்லு கம்மி. உருளக்கெழங்கு கடிக்குது, வேகல."

"கறி?"

"கறியக் காணோம்."

அஃப்ஸானா கரண்டியைப் பிடுங்கிப் பார்த்தாள். துண்டு என்று ஒன்று கூட இல்லை. ஒரு கிலோ கறியும் நூல் நூலாகப் பிரிந்து குழம்போடு கஞ்சியாகிவிட்டது. அடுப்பு நெருப்பில் பப்பாளி கொஞ்ச நேரம்தான் வேலை செய்யும், கொதி வந்ததும் அடங்கிவிடும். இந்தப் பானையின் இளஞ்சூட்டில் அது மணிக்கணக்காக உட்கார்ந்து நிதானமாகத் தின்றிருக்கிறது. திறந்து திறந்து மூடியதில் உருளைக்கிழங்கு மட்டும் பிழைத்துக்கொண்டது.

அவள் வராந்தாப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போச்சுக்கா. எல்லாம் போச்சு. நானே கெடுத்துட்டேன்." கறிக்கடை மதியமே மூடியாயிற்று. அழுகை வந்தது, நோன்பில் தொண்டை வறண்டு கண்ணீர் கூடச் சரியாக வரவில்லை.

ராஜாத்தி இன்னொரு தடவை வாயில் வைத்தாள். "சாறு சூப்பரா கீது. கறிதான் வேணும். ஒன் வூட்டுக் கறி இன்னா ஆச்சு?"

அஃப்ஸானா எழுந்துவிட்டாள். போனில் ரிஃபாவைக் கூப்பிட்டாள். அன்று பரீட்சை முடித்து மதியமே வீட்டுக்கு வந்திருந்தாள்.

"கறிய என்னா பண்ண?"

"குக்கர்ல வச்சிருக்கேம்மா. உப்பும் இஞ்சியும் போட்டு. மசாலா இன்னும் போடல."

"போடாத! வெந்ததும் அப்படியே எடுத்துகினு ஓடியா."

ரிஃபா வருவதற்குள் ராஜாத்தி ஸ்லோ குக்கரின் திருகைக் கூடுதல் சூட்டுக்குத் திருப்பி, ஒரு கல் உப்புப் போட்டு, மூடியின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அஃப்ஸானா கிட்டே வந்தபோதெல்லாம் "போ அந்தாண்ட" என்று விரட்டினாள். நாலே முக்காலுக்கு ரிஃபா தூக்குச் சட்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். துண்டுகளை உள்ளே விட்டார்கள். ரிஃபா வாசலிலேயே நின்றாள். நோன்பு திறக்க வீட்டில் இனி வெறும் கஞ்சிதான் என்று அவளுக்குத் தெரியும். "நல்லா வருமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு எப்சிபா சாப்பிட உட்கார்ந்தாள். தனசேகர் சற்றுத் தள்ளி மூக்கைப் பொத்தாத குறையாக நின்றார். முதல் கரண்டி. அவள் கண்ணை மூடித் திறந்தாள். இரண்டாவது கரண்டி. ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள்.

"சாறு இவ்வளவு கெட்டியா எனக்கே வந்ததில்லக்கா. எட்டு மணி நேரமும் மூடியத் திறக்கலயே?"

கதவுக்குப் பின்னால் இருந்த ராஜாத்தி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஒரு தலையசைப்பு போதும். வேலை கிடைக்கும், குவைத் போகும். அஃப்ஸானாவும் தலையை அசைக்கத்தான் நினைத்தாளாம். ஆனால் விடிகாலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காத்த வாய் அது. அந்த வாயை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"தெறந்தேன் மேடம். ஏழெட்டு தடவ. பப்பாளி வேற அரைச்சு ஊத்துனேன். உங்க கறி கரைஞ்சு போச்சு, அந்தக் கெட்டி அதுதான். தட்டுல இருக்கிற துண்டு எங்க வீட்டுக் கறி, என் பொண்ணு வேகவச்சது."

தனசேகர் தலையில் கையை வைத்தார். எப்சிபா கரண்டியைக் கீழே வைத்தாள். "மூணு விதி எழுதினேன். ரெண்ட மீறிட்டீங்க."

"ஆமா மேடம்."

"நீங்க நோன்பு. அப்ப உப்பு யாரு பாத்தது?"

அஃப்ஸானா திரும்பிப் பார்த்தாள். ராஜாத்தி கதவை விட்டு நகர்ந்து மறைந்திருந்தாள். "ராஜாத்தி அக்கா" என்றாள் அஃப்ஸானா. "அவங்க சொல்லலேன்னா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது."

எப்சிபா மிச்சத்தைச் சாப்பிட்டாள், கை கழுவினாள், சமையலறைக்குள் போனாள். கார் வந்து ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தனசேகரும் பின்னாலேயே வாசலுக்கு ஓடினார்.

பாங்கு சொன்னபோது வராந்தாவிலேயே ரிஃபா ஒரு பேரீச்சம்பழத்தை அம்மாவின் கையில் வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு அஃப்ஸானா முதல் முறையாகத் தன் ஸ்டூவை வாயில் வைத்தாள். உப்பு அளவாக இருந்தது. அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

டம்ளரை வைக்கச் சமையலறைக்குள் போன ரிஃபா, "ம்மா, இங்க வா" என்று கத்தினாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் மூன்றாவது விதிக்குப் பக்கத்தில் "பப்பாளி கண்டிப்பாக வேண்டாம்" என்று அவசரமாக எழுதியிருந்தது. கீழே, "அடுத்த வெள்ளி அஃப்ஸானா அக்காவே செய்யட்டும், தனசேகர் சாரிடம் ஓகே சொல்லிவிடுகிறேன்." அதற்கும் கீழே நான்காவதாக ஒரு விதி.

அஃப்ஸானா அதைப் படித்துவிட்டு, ராஜாத்தியைத் தேடிப் பின்பக்கம் போனாள். தாளைக் கையோடு கிழித்து எடுத்துப் போனாள். ராஜாத்திக்குப் படிக்கத் தெரியாது.

"நாலு. உப்பு ராஜாத்தி பார்க்கட்டும்."

ராஜாத்தி தொட்டிக்குக் கீழே குனிந்து தன் தட்டை எடுத்துக் கழுவினாள், நன்றாகத் துடைத்தாள், மற்ற தட்டுகள் இருந்த அலமாரியில் அவற்றின் மேலேயே வைத்தாள். அப்புறம் திரும்பினாள்.

"இன்னொரு தபா படி."