தட்டில் வைத்துக் கொடுத்த எண்ணெய்

ஆலங்குடிப் பக்கம் என் மகன் கடலை எண்ணெய்ச் செக்கு போட்டபோது, விளம்பர வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எம்.ஏ. படித்தவன், தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் கடிதம் எழுதியவன். இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

எங்கள் வட்டாரத்தில் ஓர் ஆசிரியை சமையல் வலைப்பூ எழுதிவந்தார். எதையும் தானே வாங்கிச் சமைத்துப் பார்த்து, நன்றாக இல்லையென்றால் இல்லை என்றே எழுதுவார். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள்கூட அதை நம்பித்தான் வீட்டுக்குப் பொருள் வாங்கச் சொல்வார்கள். வலைப்பூவின் உச்சியிலேயே அவருடைய மின்னஞ்சல் முகவரி இருந்தது. பார்த்தேன். ஆனால் அவருடைய மாமனார் என்னோடு வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும், எழுதிக் கேட்பானேன், வீட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றிவிட்டது.

வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் ஓர் எண்ணெய் டின். தட்டை மாமனார் கையில் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் தட்டை வாங்கிவிட்டால் சம்மதித்த மாதிரி. அது தெரிந்துதான் கொடுத்தேன். எண்ணெயைப் புகழ்ந்து, ஆசிரியை எழுதியது போலவே நான் எழுதிய மதிப்புரையையும் தட்டில் மடித்து வைத்திருந்தேன்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி வந்துருக்கீங்க?" என்று மாமனார் சிரித்தார்.

பள்ளிவிட்டு வந்த மருமகள் காகிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"மாமா, நான் யார்கிட்டயும் இப்புடி வாங்குறதில்லைங்க."

"வாங்கியாச்சேம்மா! தட்டத் திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? அண்ணன் ஒனக்கு வேலையே வைக்காம எழுதிக் கொண்டாந்துட்டாரு. போட்டு விடு."

மருமகள் என்னைப் பார்த்தார். அப்போதாவது டின்னை எடுத்துக்கொண்டு நான் எழுந்திருக்கலாம். காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே என் மதிப்புரை ஓர் எழுத்தும் மாறாமல் வந்தது. கீழே ஒரு வாசகர், "டீச்சர், இது ஒங்க எழுத்து இல்லையே. நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டிருந்தார். "இது நான் எழுதியதில்லை. வெளியிட்டது நான்தான்" என்று ஆசிரியை பதில் போட்டிருந்தார். அதன் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடியும் அதே வீட்டுக்குத்தான் போனேன். வேறு வழி தெரியவில்லை. மாமனாருக்கு ஒரே சந்தோஷம். அவர் எதிரில் என் தப்பைச் சொன்னால் அது அவர் தப்பாகவும் ஆகும். அவர் போன் பேச வாசலுக்குப் போனதும் மருமகளிடம் என் தப்பை மெதுவாகச் சொன்னேன்.

"மெயில்ல கேட்டுருந்தா நானே ஒரு லிட்டர் வாங்கிப் பாத்துருப்பேங்க ஐயா. மனசுல பட்டத எழுதியிருப்பேன். எண்ணெய் நல்லாத்தான் இருக்கு. இப்ப அத நான் சொன்னா யாரு நம்புவா?"

"அந்தப் பதிவ எடுத்துரும்மா."

"எடுத்தா மறைக்கிறேம்பாங்க. வச்சிருந்தா எழுத்த வித்துட்டேம்பாங்க."

அதற்குள் மாமனார் திரும்பி வந்துவிட்டார்.

"என்னண்ணே, அடுத்ததும் எழுதிக் கொண்டாந்துட்டீங்களா? குடுங்க, போடச் சொல்லுறேன்."

"இல்லைங்க மாமா," என்று மருமகளே சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.